சரி சொல்லக் கூடாத யார்டு

நான் வேலையை விட்டு நின்ன அன்னைக்கு யார்டுல ஒரு சின்ன டீ பார்ட்டி வச்சாங்க. கேக்கு, மீன் ரோல்ஸ், ஆளுக்கு ஒரு வாழப்பழம். முதலாளி எழும்பி, "இப்ப முத்தண்ணன் ரெண்டு வார்த்தை பேசுவாரு"ன்னு சொல்லிட்டு ஒக்காந்துட்டாரு. நான் எழும்பினேன். வாய் வரல. கை தானா நெஞ்சுக்கு நேரா ஒசந்து கட்டை விரலைக் காட்டுச்சு. எங்க தொழில்ல அதுக்கு 'பூமை மேல தூக்கு', அதாவது மெஷினோட கையை ஒசத்துன்னு அர்த்தம். நான் எல்லாரையும் பாராட்டுறதா நெனச்சிக்கிட்டுக் கை தட்டினாங்க. நானும் ஒக்காந்துட்டேன். பேச்சு நல்லா இருந்ததா பின்னால முதலாளி சொன்னாரு.

ஆபீசுக்குப் புதுசா வந்த ருக்மணிப் பிள்ளைதான் விடல. கேக் தட்டோட பக்கத்துல வந்து, "அங்கிள், இப்பதான் ஹெட்செட் வாங்கியாச்சே. ஒப்பரேட்டர் காதுக்குள்ளயே பேசலாம். பெறகு எதுக்கு இன்னும் கேட்டுல அந்த போர்டு?"ன்னு கேட்டிச்சு. அது கேட்டதுல ஞாயம் இருக்கு. எங்க யார்டு கேட்டுல, நுழைஞ்சதும் கண்ணுல படுற மாதிரி ஒரு தகரம் தொங்கும். 'யார்டிலும் சைட்டிலும் சரி சொல்லக் கூடாது.' அதுக்குக் கீழ சிங்களத்துல, 'ஹரி சொல்லக் கூடாது.' ஹரின்னா அவங்களோட சரி. அதுக்கும் கீழ வேற பெயின்டுல, வேற கையெழுத்துல இன்னொரு வரி. "அந்தக் கடைசி வரி எனக்கு வெளங்கவே இல்ல அங்கிள்"னு சொல்லிச்சு பிள்ளை. அத ரோல்ஸ் தின்னுக்கிட்டே சொல்லி முடிக்க ஏலாது, எழுதித் தாரேன்னேன். அதான் இது.

எங்க யார்டு கண்டியில, கட்டுகஸ்தோட்டைப் பக்கம். டெலிஹேண்ட்லர் வாடகைக்கு விடுற எடம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: ட்ராக்டர் மாதிரி நாலு பெரிய டயரு, முன்னால சாமான் தூக்க ரெண்டு முள்ளு. ஃபோர்க்லிஃப்டுதானேன்னு கேப்பீங்க. இல்ல. அந்த முள்ளு ஒரு நீட்டுற கையோட நுனியில இருக்கும். அந்தக் கைக்குப் பேரு பூம். மடக்கி வச்சா சிமெந்து மூட்டை ஒரு பாரத்தையே அலுங்காமத் தூக்கும். நீட்ட நீட்ட அதோட தெம்பு கொறையும். தண்ணி வாளியை ஒடம்போட ஒட்டிப் பிடிச்சுப் பாருங்க, பெறகு கையை நீட்டிப் பிடிச்சுப் பாருங்க. அம்புட்டுதான் இந்த மெஷினோட சூத்திரம். மிச்சமெல்லாம் பெயின்டு.

நாங்க அத 'டெலி'ன்னு சொல்லுவோம். அதனால வர்ற கரைச்சல் கொஞ்ச நஞ்சமில்ல. ஒருதரம் கலகெதரயில இருந்து ஒரு மனுசன் கோல் எடுத்து, படம் வருது சத்தம் வரலன்னாரு. எங்க மேனேஜர், "எங்களிட்டச் சத்தம் மட்டும்தான் இருக்கு, படம் இல்லை"ன்னு சொல்லி மரியாதையா போனை வச்சாரு.

வாடகைக்குக் கேக்குறவங்ககிட்ட நாலு கேள்வி கேப்போம். எவ்வளவு பாரம், எவ்வளவு ஒசரம், எவ்வளவு தூரம் உள்ள, மெஷின் எங்க நிக்கும். இந்த நாலுக்கும் ஒழுங்காப் பதில் சொன்ன ஆளை நான் என் சர்வீசுல கண்டதில்ல.

"பாரம் எவ்வளவுங்க?"

"அது பெரிய பாரமில்லங்க. ரெண்டு பேரு தூக்கலாம்."

"அப்ப எதுக்குங்க டெலி?"

"அந்த ரெண்டு பேரும் வரல."

இப்படித்தான் போகும். அதனால மெஷினை அனுப்புறதுக்கு முந்தி நாங்க நேராப் போய் எடத்தைப் பாத்துட்டுதான் வருவோம். மெஷின் தனியாப் போகாது. ஒப்பரேட்டரும் சிக்னல் காட்டுற ஆளும் கூடவே போவாங்க. அந்தச் சிக்னல் ஆள்தான் நான்.

நான் எப்படி இதுக்குள்ள வந்தேன்னு ரொம்ப இழுக்கல. பொறந்தது தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதான் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல. கொஞ்ச காலம் லொறியில சாமான் ஏத்தி எறக்கினேன், கொஞ்ச காலம் கொழும்புல கிரேனுக்குக் கீழ கயிறு பிடிச்சேன், பெறகு கண்டிக்கே திரும்பி வந்துட்டேன். கை சிக்னல் படிச்சது கொழும்புலதான். மத்ததெல்லாம் பரமானந்தம் சேர் சொல்லிக் குடுத்தது, இல்லாட்டி அவருகிட்ட ஏச்சு வாங்கிப் படிச்சது.

பரமானந்தம் சேர் எங்க மேனேஜர். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி. வெள்ளைச் சட்டை, சேறு மிதிக்கிற சப்பாத்து. அவரு ஏசினா ஏசின மாதிரியே இருக்காது, கோயில்ல வெலாசம் கேக்குற மாதிரி இருக்கும். எந்தச் சைட்டுக்குப் போனாலும் கையில ஒரு அலவாங்கு, அதான் கடப்பாரை. வீட்டுக்காரங்க ப்ளேன் டீ குடுத்தா, சீனியை உள்ளங்கையில வாங்கிக்கிட்டு டீயை ஒரு பக்கம் வச்சுட்டு, மெஷின் நிக்கப் போற எடத்துல அலவாங்கைக் குத்துவாரு. குத்திட்டுத் தலையைச் சாய்ச்சுக் கேப்பாரு. மூலைக்கு மூலை அப்படியே. கடைசியாத்தான் ஆறிப்போன டீயைக் குடிப்பாரு. மண்ணு பிடிக்கலன்னா, "மன்னிக்கோணும், எங்கட மெஷினுக்கு இந்த இடம் சரிவராது"ன்னுவாரு. எவ்வளவு கெஞ்சினாலும் வேலை நடக்காது. எத்தனையோ பேரு எங்களைத் திட்டிக்கிட்டு வேற எடத்துல மெஷின் எடுத்திருக்காங்க. அவங்க திட்டுறப்பவும் சேர் நின்னு முழுசாக் கேட்டுட்டுத்தான் ஜீப்புல ஏறுவாரு.

அவரு வந்த மொத நாளே போட்ட சட்டம்தான் இந்தச் 'சரி'ச் சட்டம்.

"சாமான் தொங்கிக்கொண்டு நிக்கேக்கை கீழ நிக்கிறவன் 'சரி' எண்டுறான். அது 'போதும், நிப்பாட்டு' எண்ட சரியோ, 'நல்லாப் போகுது, இன்னும் விடு' எண்ட சரியோ, 'உங்கட விருப்பம், எனக்கென்ன' எண்ட சரியோ? சொல்லும் பாப்பம்."

எங்க ஒப்பரேட்டர் விஜே அய்யா சிங்களவரு. அய்யான்னா அவங்க பாஷையில அண்ணன். அவரும் யோசிச்சுப் பாத்துட்டு, 'ஹரி'யிலயும் அதே கரைச்சல் இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு. எஞ்சின் ஓடுறப்ப நம்ம சரியும் அவங்க ஹரியும் ஒண்ணுபோலத்தான் காதுல விழும்.

"ஆனபடியா அந்தச் சொல்லைக் கேட்டுக்கு வெளியில வச்சிட்டு வாரும். கை காட்டும். நிப்பாட்ட விசில் ஊதும். வேற ஒண்டும் வேண்டாம்."

யாராச்சும் தவறிச் சொல்லிட்டா, சாயந்தரம் டெலியோட நாலு டயரையும் கழுவணும். அதான் தண்டனை. சொன்னா நம்ப மாட்டீங்க, கண்டியிலயே சுத்தமான டயர் எங்க டயருதான். மழைக்காலத்துலயும் பளபளன்னு இருக்கும். ஒருநாள் முதலாளி போன்ல யாருக்கோ "சரி சரி சரி"ன்னு சொல்லிக்கிட்டே கேட்டுக்குள்ள வந்தாரு. சேர் அவரு முன்னால போய்ப் பேசாம நின்னாரு. முதலாளி சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு டயரைக் கழுவினாரு. மிச்சம் மூணுக்கும் சேர் மன்னிப்புக் குடுத்தாரு.

சட்டம் போட்ட சேருக்கு என்ன கஷ்டம்? அவருக்கு யாழ்ப்பாணத்து 'ஓம்' இருக்கு. சரிங்கிற எடத்துலெல்லாம் ஓம்னு சொல்லிட்டுப் போயிருவாரு. எங்களுக்குச் சரியை விட்டா வேற நாதியில்ல. அதனால நானும் மெதுவா ஓம் சொல்லப் பழகினேன். என் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து, "எங்க பக்கம் எல்லாம் சரிங்க, ஒங்க பக்கம்?"ன்னு கேட்டாங்க. "ஓம்"னேன். அவங்க ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. போறப்ப தரகரைத் தனியாக் கூப்பிட்டு, பொண்ணோட அப்பா தெல்தோட்டைதானேன்னு திரும்பவும் விசாரிச்சாங்களாம். எங்க வீட்டுக்காரி பாக்கியத்துக்கு வந்துச்சே கோவம். "வாயில சரி வராதா ஒங்களுக்கு? வேலையை வேலையில வச்சிட்டு வாங்க"ன்னா. வச்சிட்டு வரத்தான் பாக்குறேன், அது பின்னாலயே வருதே!

இந்தச் சட்டம் எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரே ஒருதரம் கேட்டிருக்கேன். சேர் அலவாங்கைத் தொடச்சுக்கிட்டே, "கொழும்பில வேலை செய்யேக்கை ஒருத்தன் மேல நிண்டு சரி எண்டவன், மற்றவன் கீழ நிண்டு சரி எண்டவன். ரெண்டும் வேற வேற சரி"ன்னாரு. பெறகு என்ன ஆச்சுன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல.

இனி ரவியோட கதை. போர்டுல இருக்கிற கடைசி வரி அங்க இருந்துதான் வந்துச்சு.

ரவி வத்தேகமயில சலூன் வச்சிருக்கிற தம்பி. நம்ம மலைப்பக்கத்து ஆளுதான். ஒருநாள் சட்டைப் பைக்குள்ள சீப்பும் கத்தரிக்கோலும் அப்படியே இருக்க, கடையைப் பாதியில விட்டுட்டு யார்டுக்கு ஓடி வந்தாரு. டவுனுக்கு மேல அவரு வீடு. வீட்டுக்குப் பின்னால நெட்டுக்கு நிக்கிற மண் மேடு. அந்த வருசத்து மழையில மேடு கொஞ்சம் கீழ எறங்கியிருக்கு. கவர்மெண்டு ஆபீசுல இருந்து வந்து பாத்துட்டு, மேட்டைப் பிடிச்சு நிப்பாட்டணும், இல்லாட்டி வீட்டை விட்டு எழும்பணும்னு சொல்லிட்டாங்களாம். இஞ்சினியர் ஒருத்தர் ப்ளான் போட்டுக் குடுத்திருக்காரு. வீட்டுச் செவருக்கும் மேட்டுக்கும் நடுவுல குழி வெட்டி, வரிசையா இரும்பு கர்டர் நட்டு, அதுக்குப் பின்னால கம்பி வலை கட்டிக் கல்லு போடணும். குழி வெட்டியாச்சு. கர்டரும் வந்து வாசல்ல கெடக்குது. பின்பக்கம் கொண்டுபோக வழியில்ல. ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் செவரு. எடது பக்கம் மட்டும் ஒரு ஆள் ஒருக்களிச்சுப் போற சந்து.

"கூரைக்கு மேலால தூக்கி அந்தப் பக்கம் எறக்கணும் சேர். ஒங்க மெஷினால ஏலும்னு சொன்னாங்க. இந்த வீடு போச்சுன்னா எனக்குப் போக ஒரு எடம் கெடையாது சேர். ரெண்டு பிள்ளைங்க"ன்னாரு ரவி. சொல்லிட்டு வாசல்லயே நின்னாரு. கதிரையைக் காட்டியும் ஒக்காரல.

சேர் போய்ப் பாத்தாரு. நானும் போனேன். வாசல்ல அலவாங்கைக் குத்தினாரு. கெட்டியான தரை. பாரத்தைக் கேட்டாரு, தூரத்தை அளந்தாரு, மெஷினுக்குள்ள ஒட்டியிருக்கிற பார அட்டையில பாத்தாரு. ஏலும். பெறகு சந்து வழியா ஒருக்களிச்சுப் பின்பக்கம் போய் மேட்டை நிமிந்து பாத்தாரு. அலவாங்கை மண்ணுல வச்சாரு. குத்தாமலே எடுத்துட்டாரு.

"மெஷின் நிக்கிற மண்ணை எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியாத மண். இஞ்சினியர் ஓம் எண்டாத்தான் வருவம்."

இஞ்சினியர் வந்தாரு. மழை விட்டு மண்ணு காயணும், அதுவரைக்கும் பொறுங்கன்னாரு. பொறுத்தோம். ரவி தெனமும் போன் எடுத்து வானத்தைப் பத்திச் சொல்லுவாரு. எங்களுக்கும் அதே வானம்தான். ஆனாலும் சேர் முழுசாக் கேப்பாரு. கடைசியா நல்லா வெயில் காஞ்சு, இஞ்சினியரும் வந்து பாத்துத் தலையாட்டினதுக்குப் பெறகு ஒரு காலையில போனோம். வத்தேகம ரோட்டுல எங்களுக்குப் பின்னால பஸ்ஸு வரிசையா ஹோர்ன் அடிச்சிக்கிட்டே வந்துச்சு. விஜே அய்யா கண்ணாடியில பாத்துச் சிரிச்சிக்கிட்டே அதே வேகத்துல போனாரு.

ரவியோட சம்சாரத்தையும் பிள்ளைங்களையும் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பியாச்சு. வீட்டுக்குள்ள ஒரு பூனை கூட இல்லன்னு சேர் அறை அறையாப் போய்ப் பாத்துட்டு வந்தாரு. பின்பக்கம் கர்டர்ல கட்டின கயிறைப் பிடிச்சு, அத ஆடாம வாங்கிக் குழியில நிறுத்த மூணு பேரு வேணும். ரெண்டு கூலியாட்கள் வந்திருந்தாங்க. மூணாவது ஆள் வரல. ரவி, "என் வீடுதானே, நான் பிடிக்கிறேன்"னு சாரத்தைத் தூக்கிக் கட்டிட்டாரு. சேருக்குப் பிடிக்கல. வேற ஆளும் இல்ல.

வேலை இப்படி: விஜே அய்யா வாசல்ல மெஷினுக்குள்ள. அவருக்குக் கூரை மறைக்கும், பின்பக்கம் தெரியாது. மெஷினுக்குப் பக்கத்துல சேர். நான் குளியலறைக்கு மேல தண்ணி டேங்க் வைக்கிற ஸ்லாப்புல. அங்க நின்னாத்தான் ரெண்டு பக்கமும் தெரியும். பின்பக்கத்தவங்க எனக்குக் கை காட்டுவாங்க, நான் விஜே அய்யாவுக்குக் கை காட்டுவேன். அவரு என் கையைத் தவிர வேற எதையும் பாக்கவும் கூடாது, கேக்கவும் கூடாது. விசில் சத்தம் கேட்டா மட்டும் கையை லிவரை விட்டு எடுத்துரணும்.

சேர் மூணு பேரையும் நிக்க வச்சுச் சொன்னாரு. "ஒரு சொல்லும் வேண்டாம். கை மட்டும். முக்கியமா 'சரி' வேண்டாம்."

"சரிங்க சேர்"னாரு ரவி.

சேர் கண்ணை மூடித் தெறந்தாரு.

அவரு மேல குத்தம் சொல்ல ஏலாது. சலூன்காரரு. நாள் முழுக்கக் கண்ணாடியைப் பிடரிக்குப் பின்னால பிடிச்சு "சரியாண்ணே? சரியா தம்பி?"ன்னு கேட்டே பொழைக்கிறவரு. மொத கர்டர் கூரைக்கு மேலால போயி, மெதுவா எறங்கி, குழிக்குள்ள உக்காந்துச்சு. "சரி சரி!"ன்னு ரவி குரல் வந்துச்சு. சேர் வாசல்ல இருந்தே, "தம்பி, அந்தச் சொல் வேண்டாம்"னாரு. ரெண்டாவது கர்டரும் நல்லபடியா எறங்குச்சு. "சரிய்ய்!" சேர் இன்னும் கொஞ்சம் குரலை ஒசத்தி, "தம்பி, அந்தச் சொல் வேண்டாம் எண்டு சொன்னனான்"னாரு. விஜே அய்யா என்னைப் பாத்துக் கண்ணடிச்சாரு. ரவி எங்க டயரைக் கழுவப் போறாருன்னு அர்த்தம்.

மூணாவது கர்டர் கூரையைத் தாண்டி, இன்னும் நிமித்தாம படுத்தவாக்குல செவருக்கும் மேட்டுக்கும் நடுவுல தொங்குது. என் கண்ணு கர்டரோட நுனியில. அதுதான் என் வேலை. நுனியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. மேட்டை யாரும் பாக்கல. ரவி ஒருத்தர்தான் பாத்திருக்காரு, கயிறைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து நின்னதால.

"சரியுது!"

எஞ்சின் சத்தத்துல அந்தச் சொல்லு முழுசாப் போகல. பாதிதான் போச்சு.

"சரியுது! சரியுது!"

வாசல்ல சேர் கோவத்தோட திரும்பினாரு. அவரு கோவப்பட்டு நான் பாத்தது அன்னைக்குத்தான். "தம்பி! அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொல்லுறது!" மெஷினுக்குள்ள விஜே அய்யாவுக்கு 'ஹரி, ஹரி'ன்னு விழுந்திருக்கு. கேக்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியும். ஆனா அவரும் மனுசன். பொறந்ததுல இருந்து ஹரின்னா ஹரிதானே. கர்டர் குழியில உக்காந்திருச்சு, எறக்கலாம்னு அவரு கை தன்னால லிவரைத் தள்ளிருச்சு. கர்டர் எறங்குச்சு.

நான் மலையில, லயத்துல பொறந்தவன். மழை ராத்திரியில யாராச்சும் "சரியுது"ன்னு கத்தினா, எது சரியுது, எங்க சரியுதுன்னு கேக்க மாட்டோம். பக்கத்துல படுத்திருக்கிற பிள்ளை யாரு பிள்ளைன்னு கூடப் பாக்காமத் தூக்கிக்கிட்டு வெளியில ஓடுவோம். மிச்சத்த வெளியில நின்னு கேட்டுக்குவோம். அந்தக் குரல் வேற. ரவி மொத ரெண்டுதரம் சொன்ன சரியும் இந்தச் சரியும் ஒண்ணு இல்ல. விசிலை ஊதினேன். பல்லு வலிக்க ஊதினேன்.

விஜே அய்யா ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. கர்டர் நின்னுச்சு. எங்க நின்னுச்சு தெரியுமா? அந்த எடது பக்கச் சந்து வாசலுக்குக் குறுக்கால, ஒரு ஆளோட நெஞ்சு ஒசரத்துல. அவங்க மூணு பேருக்கும் அந்தச் சந்த விட்டா வேற வழி கெடையாது. முன்னால செவரு, பின்னால மேடு. கர்டர் இன்னும் கொஞ்சம் எறங்கியிருந்தா சந்துக்குத் தாப்பா போட்ட மாதிரி ஆகியிருக்கும்.

கூலியாள் ஒருத்தர் குனிஞ்சு பூந்து வந்தாரு. பின்னால மத்தவரு. ரவி வரல. மேல இருந்து மண்ணு பொலபொலன்னு கொட்ட ஆரம்பிச்சிருச்சு. நான் "ரவி! ரவி!"ன்னு கத்துறேன். பெறகுதான் கண்டேன், அவரு கயிறை இன்னும் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. கயிறை விட்டா கர்டர் ஆடும், ஆடினா முன்னால போறவங்க தலையில படும். அவங்க ரெண்டு பேரும் சந்துக்குள்ள போன பெறகு கயிறை விட்டுட்டுக் குனிஞ்சு பாஞ்சாரு. மண்ணு அவரு குதிகால்ல அடிச்சிச்சு. ஒரு கால்ல செருப்போட வாசலுக்கு வந்து நின்னாரு.

பின்னால 'தொம்'முன்னு ஒரு சத்தம். குசினிச் செவரு, அதான் அடுப்படிச் செவரு போச்சு. குசினி முழுக்க மண்ணு. நட்டு வச்ச ரெண்டு கர்டரும் சாஞ்சு நின்னு மிச்சத்தப் பிடிச்சிக்கிட்டுது. அறைங்க தப்பிச்சிருச்சு.

அதுக்குப் பெறகும் வேலை முடியல பாருங்க. கர்டர் இன்னும் தொங்கிக்கிட்டு இருக்குது. நான் ஸ்லாப்புல நின்னு கை காட்டினேன்: தூக்கு, மடக்கு, மெதுவா, எறக்கு. விஜே அய்யா ஒண்ணொண்ணா, ஒழுங்கா, எதையும் விடாம வாசல்ல எறக்கி வச்சு எஞ்சினை நிப்பாட்டினாரு. அப்பத்தான் ஸ்லாப்புல குந்திக்கிட்டு அழுதேன். வெக்கமெல்லாம் படல. கீழ இருந்து விஜே அய்யா, "மல்லி, எறங்கி வா"ன்னு கூப்பிட்டாரு. மல்லின்னா தம்பி. அவரு கண்ணும் செவந்துதான் இருந்துச்சு.

எல்லாரும் வாசல்ல ஒக்காந்திருந்தோம். சேர் மட்டும் நின்னாரு.

"முத்து. அவன் என்ன சொன்னவன்?"

"சரியுதுன்னு சொன்னாரு சேர்."

"எனக்குச் சரி எண்டுதான் கேட்டது."

"எனக்கு ஹரி"ன்னாரு விஜே அய்யா, தரையைப் பாத்துக்கிட்டு.

சேர் கூரைக்கு மேல மேட்டைப் பாத்துக்கிட்டு, "எங்கட பக்கம் மலை இல்லை முத்து. வேலி சரியும், மதில் சரியும். மண் சரியுது எண்டு ஒருத்தரும் கத்தி நான் கேட்டதில்லை"ன்னாரு. அப்புறம் ரவிகிட்டப் போனாரு. தன் சப்பாத்தைக் கழட்டி அந்தத் தம்பி காலுக்குப் பக்கத்துல வச்சாரு. ரவி, "ஐயோ, வேணாம் சேர், அளவு பத்தாது"ன்னாரு. உண்மையிலயே பத்தல. சேர் திரும்பப் போட்டுக்கிட்டாரு.

அடுத்த நாள் காலையில நான் யார்டுக்குப் போறப்ப, வெள்ளைச் சட்டைக் கையை மடிச்சுவிட்டு, சேர் டெலியோட டயரைக் கழுவிக்கிட்டு இருந்தாரு. யாரும் கிட்டப் போகல. எல்லாரும் ஆளுக்கொரு வேலை செய்யிற மாதிரி நின்னு பாத்தோம். நாலையும் கழுவினாரு. பெறகு கொஞ்சம் பெயின்டும் பிரஷும் எடுத்துக்கிட்டு கேட்டுக்குப் போனாரு. அந்தக் கடைசி வரி அப்ப எழுதினதுதான், ருக்மணிப் பிள்ளை. 'சரியுது என்று யாராவது சொன்னால் முதலில் விசில் ஊதவும். பிறகு ஏசவும்.'

மண்ணை அள்ளி, இஞ்சினியர் ப்ளானை மாத்திப் போட்டு, நல்லாக் காஞ்ச பெறகு நாங்க திரும்பவும் ரவி வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை மேட்டைப் பாக்க மட்டும் ஒரு ஆள். பின்பக்கம் நிக்கிறவங்க கழுத்துலயும் ஆளுக்கொரு விசில். ரவி ஒரு சொல்லும் பேசல. தும்மல் வந்தப்ப கூட வாயைப் பொத்திக்கிட்டாரு. மிச்ச கர்டரெல்லாம் ஒழுங்கா எறங்கிருச்சு. குசினியைக் கொஞ்சம் சின்னதாத் திரும்பக் கட்டினாங்க. அவரு சம்சாரம் எங்களுக்கு அங்கதான் சோறாக்கிப் போட்டுச்சு.

சேர் பென்ஷன் எடுத்துக்கிட்டு யாழ்ப்பாணம் போயிட்டாரு. மழை பெஞ்சா போன் எடுத்து, "அந்தத் தம்பியின்ர மேடு நிக்குதோ?"ன்னு கேப்பாரு. நிக்குது சேர்னு சொல்லுவேன். "ஓம்"னு வச்சிருவாரு.

நான் அதுக்குப் பெறகு முடி வெட்ட வேற எங்கயும் போறதில்ல. பஸ் ஏறி வத்தேகமைக்குத்தான். வர்ற ஆளுக்கெல்லாம் ரவி கண்ணாடியைப் பிடரிக்குப் பின்னால காட்டி "சரியா?"ன்னு கேப்பாரு. எனக்கு மட்டும் கேக்க மாட்டாரு. கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டுப் பேசாம நிப்பாரு. நான் கட்டை விரலைக் காட்டுவேன். இத்தனை வருசமும் அப்படித்தான். நாங்க அதைப் பத்திப் பேசினதே இல்ல.

டீ பார்ட்டிக்கு மறுநாள் போனேன். இனி வேலைக்குப் போறதில்ல தம்பின்னு சொன்னேன். அவரு வழக்கத்த விட மெதுவா வெட்டினாரு. காதோரமெல்லாம் ரெண்டுதரம் பாத்தாரு. முடிஞ்சதும் கண்ணாடியைப் பிடரிக்குப் பின்னால பிடிச்சாரு. தொண்டையைச் செருமினாரு.

"சரியாண்ணே?"

கட்டை விரல் பாதி எழும்பிருச்சு. அதை மடக்கிக்கிட்டேன்.

"சரி"ன்னேன்.

ரெண்டு பேரும் ஒருதடவை திரும்பி, கடை வாசல் வழியா மேல அவரு வீட்டுப் பக்கம் பாத்தோம். மேடு நின்ன எடத்துலயே நின்னுச்சு. ரவி என் கழுத்துல ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டு, துணியை உதறி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு.